கரண்ட் ட்ரிப் ஆனால், ஏர்கான் ஒழுகினால்: ஆளைக் கூப்பிடும் முன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரில் ஈசூன், உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் மின்வேலையும் ஏர்கான் சர்வீஸும் பார்ப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இரண்டே வகைதான். "தம்பி, கரண்ட் ட்ரிப் ஆயிடுச்சு" என்பது ஒன்று. "ஏர்கான்ல தண்ணி ஊத்துது" என்பது இன்னொன்று. இவற்றில் பலவற்றுக்கு நான் நேரில் போக வேண்டியதே இல்லை. போனில் சொன்னால் வீட்டிலிருப்பவர்களே சரிசெய்துவிடுகிறார்கள். மற்றவற்றுக்கு ஆள் வரத்தான் வேண்டும். ஆனால் கோளாறு எந்த இடத்தில் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், வருகிறவர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. தேவையில்லாத செலவு பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஓர் எல்லைக்கோடு. சுவர், கூரை, டிபி பாக்ஸ் (வீட்டின் மெயின் சுவிட்ச் இருக்கும் பெட்டி), ஏர்கான் இவற்றில் ஸ்க்ரூடிரைவரை வைத்தால்தான் வேலை நடக்கும் என்ற கட்டம் வந்தால், உங்கள் பங்கு முடிந்தது. வீட்டு ஒயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும், அதுதான் சட்டம். இங்கே ஓடும் 230 வோல்ட் மின்சாரம் உயிரை எடுக்கும். கீழே நான் சொல்லும் எதற்கும் சுவரில் உள்ள எந்த மூடியையும் கழற்ற வேண்டியதில்லை.

கரண்ட் போனால்

வீடு இருட்டானதும் வாசற்கதவைத் திறந்து அக்கம்பக்கத்தைப் பாருங்கள். எதிர்வீடும் இருட்டாக இருந்தால் அது உங்கள் வீட்டுக் கோளாறு இல்லை. மின்சாரம் விநியோகிக்கும் எஸ்பி குழுமத்தின் 1800-778-8888 எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். உங்கள் வீடு மட்டும்தான் என்றால் டிபி பாக்ஸுக்குப் போங்கள். எரிந்த வாடை வந்தாலோ, சடசட என்று சத்தம் கேட்டாலோ, மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்; வேறு எதையும் செய்ய வேண்டாம். புகையோ தீயோ தெரிந்தால் வீட்டைவிட்டு வெளியேறி, தீயணைப்புக்கு 995 எண்ணை அழையுங்கள்.

பாக்ஸுக்குள் மூன்று வகைச் சுவிட்சுகள் இருக்கும். ஒன்று மெயின். அதற்குப் பக்கத்தில் 'டி' என்று எழுதிய சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்சிசிபி. பழைய ஆட்கள் இஎல்சிபி என்பார்கள். வரிசையாக நிற்கும் சின்னச் சுவிட்சுகள் எம்சிபி, வீட்டின் ஒவ்வொரு லைனுக்கும் ஒன்று. எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள், பாதி விடை அதிலேயே இருக்கிறது. எம்சிபி ஒன்று மட்டும் விழுந்திருந்தால், அந்த லைனில் அளவுக்கு மேல் சுமை ஏறியிருக்கிறது, அல்லது எங்கோ ஷார்ட். ஆர்சிசிபி விழுந்திருந்தால் மின்சாரம் போக வேண்டிய வழியை விட்டு எங்கோ தரைக்குக் கசிகிறது. வீடுகளில் இருக்கும் ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். நம் உடம்பு வழியாகக் கசிந்தாலும் நொடியின் ஒரு பகுதிக்குள் துண்டித்துக் காப்பாற்றுவது அதுதான். அதனால் அடிக்கடி விழுகிறதே என்று எரிச்சல்பட்டு அதற்கு முட்டுக் கொடுப்பதோ, யாரையாவது வைத்து நீக்கச் சொல்வதோ கூடவே கூடாது.

கண்டுபிடிக்கும் முறை எளிது. எல்லா எம்சிபிகளையும் இறக்குங்கள். ஆர்சிசிபியை முதலில் முழுக்கக் கீழே தள்ளி, பிறகு மேலே ஏற்றுங்கள். பாதியில் நிற்கும் சுவிட்ச் நேராக ஏறாது. அது நின்றதும் எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ பெரும்பாலும் அந்த லைனில்தான் கோளாறு. அந்த லைனில் மட்டும் இல்லாமல் வீட்டில் உள்ள பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். இப்போது நின்றால், சாமான்களை ஒன்று ஒன்றாகச் செருகிப் பாருங்கள். செருகியதும் விழ வைக்கும் சாமான்தான் குற்றவாளி. எல்லாப் பிளக்கையும் உருவிய பிறகும் விழுந்தால் கோளாறு ஒயரிங்கில், அல்லது ஹீட்டர், ஏர்கான் மாதிரி நேராகச் சுவரில் இணைத்திருப்பவற்றில். அந்த ஒரு எம்சிபியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மற்ற லைன்கள் ஓடட்டும், ஃபிரிட்ஜில் இருப்பது கெடாது.

உருவுங்கள் என்று சொல்கிறேனே, சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. இது முக்கியமான இடம் என்பதால் நின்று சொல்கிறேன்.

எங்கள் பிளாக்கிலேயே ஓர் அக்கா வீடு. காலையில் குளியலறை ஹீட்டரைப் போட்டால் ட்ரிப், போடாவிட்டால் ஒன்றும் இல்லை. ஹீட்டர்தான் போய்விட்டது என்று முடிவுகட்டிப் புது ஹீட்டர் வாங்கவே கிளம்பிவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது ஹீட்டரில் கசிவே இல்லை. சமையலறையில் ரைஸ் குக்கர் ஒன்று, சுவிட்ச் அணைத்த நிலையில், பிளக் சாக்கெட்டிலேயே இருந்தது. அரிசிக் கஞ்சி பொங்கி வழிந்து, சூட்டுத் தட்டுக்கு அடியில் இறங்கி, காய்ந்து ஒட்டியிருந்தது. பல சாக்கெட் சுவிட்சுகள் மின்சாரம் உள்ளே வரும் கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். அந்தக் குக்கருக்குள் நியூட்ரல் கம்பி ஈரத்தின் வழியாக எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டில் பெரிய சுமை எதுவும் ஓடாதவரை அது வெளியே தெரியவில்லை. ஹீட்டரைப் போட்டு 14 ஆம்பியருக்குப் பக்கத்தில் மின்சாரம் ஓடும்போது, திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு குக்கர் வழியாக எர்த்துக்குப் போனது, ஆர்சிசிபி விழுந்தது. குக்கரின் பிளக்கை உருவியதும் ஹீட்டர் நிம்மதியாக ஓடியது. எதைப் போட்டால் விழுகிறதோ அதுதான் கெட்டது என்று அவசரப்பட்டுப் புதுசு வாங்கிவிடாதீர்கள்.

குக்கர், கெட்டில், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஹீட்டர். தண்ணீரோடு சம்பந்தப்பட்ட சாமான்களை முதலில் சந்தேகப்படுங்கள். இடி மின்னலின்போது விழுந்து, ஏற்றியதும் நின்றுவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

ஆர்சிசிபியின் 'டி' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கணினியை அணைத்துவிட்டு அழுத்தினால் போதும். உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம்; அன்றே மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் ஆர்சிசிபியே இல்லாமல் இருந்தது. 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் அது கட்டாயம். பழைய வீடுகளுக்குக் கொடுத்த இரண்டாண்டு அவகாசமும் 2025 ஜூலை 1உடன் முடிந்துவிட்டது. குவீன்ஸ்டவுன், தோ பாயோ பக்கம் பழைய வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மா, பெரியப்பா பெரியம்மா இருந்தால், அடுத்த முறை போகும்போது அந்த பாக்ஸை ஒருதரம் திறந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊரிலிருந்து வந்த மிக்ஸி

நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்து இது. ஊரிலிருந்து மிக்ஸியோ கிரைண்டரோ கொண்டு வருகிறோம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். மோட்டாருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை பிளக்கில். அங்கே உருண்டைக் கம்பி, இங்கே சாக்கெட்டில் தட்டைத் துளை. இங்குள்ள சாக்கெட்டின் கீழ் இரண்டு துளைகளுக்கும் உள்ளே ஒரு மூடி இருக்கும். பிளக்கின் மேல் கம்பி உள்ளே போனால்தான் அந்த மூடி திறக்கும். குழந்தைகள் விரலையோ கம்பியையோ விடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. நம் ஆட்கள் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ மேல் துளையில் குத்தி, மூடியைத் திறந்து, உருண்டைக் கம்பியை உள்ளே திணித்துவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்கிறது. அந்தக் கம்பி உள்ளே சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் சூடேறும், பொறி பறக்கும், சாக்கெட் உருகும். எர்த்தும் கிடைக்காது. ஈரக் கையோடு இரும்பு உடம்புக் கிரைண்டரைத் தொடுகிற வீட்டில் எர்த் இல்லாமல் இருக்கலாமா?

வழி இருக்கிறது. மின்பணியாளரிடம் கொடுத்து ஃபியூஸ் வைத்த 13 ஆம்பியர் பிளக்காக மாற்றிக்கொள்ளுங்கள். அடாப்டர்தான் வேண்டுமென்றால் சேஃப்டி மார்க் முத்திரை உள்ளதைப் பார்த்து வாங்குங்கள். முத்திரை இல்லாத மலிவு அடாப்டர், நீட்டிப்பு ஒயர் எதுவும் சமையலறைக்குள் வரக் கூடாது.

ஒரு சாமான் மட்டும் திடீரென்று உயிர் போனதுபோல் ஆகி, வேறு சாக்கெட்டிலும் ஓடவில்லை என்றால், பிளக்குக்குள் இருக்கும் ஃபியூஸைச் சந்தேகப்படலாம். பிளக்கை உருவிவிட்டுத்தான் ஃபியூஸை எடுக்க வேண்டும். 3 ஆம்பியர் இருந்த இடத்தில் 3 ஆம்பியரே போடுங்கள். புது ஃபியூஸும் உடனே போனால் கோளாறு சாமானில்.

நீட்டிப்பு ஒயருக்கும் ஒரு கணக்கு உண்டு. 13 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 2990 வாட். அந்த ஒயரில் எத்தனை துளை இருந்தாலும் மொத்தச் சுமை இதைத் தாண்டக் கூடாது. கெட்டில் மட்டுமே 2200 வாட்டுக்குப் பக்கம். அதோடு ஏர் ஃபிரையரையும் போட்டால் தாண்டிவிடும். தீபாவளிக்கு ஜன்னலில் போடும் சீரியல் விளக்கு அதிகம் இழுக்காது, ஆனால் ஒயர் ஜன்னல் சட்டத்தில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு, விசிறி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்இடி விளக்கு மின்னி மின்னி எரிந்தால் பெரும்பாலும் அதன் டிரைவர் போயிருக்கும். கூரை விசிறி மெதுவாகிவிட்டால் கப்பாசிட்டர். இரண்டுமே கூரையில் கைவைக்கிற வேலை, விட்டுவிடுங்கள்.

ஏர்கானில் தண்ணீர் ஒழுகினால்

ஏர்கான் ஓடும்போது தண்ணீர் உண்டாவது கோளாறு இல்லை. சிங்கப்பூர்க் காற்றில் இருக்கும் ஈரம் யூனிட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த குழாய்ச் சுருளில் (காயில்) பட்டுத் தண்ணீராகி, கீழே உள்ள தட்டில் விழுந்து, பிவிசி குழாய் வழியாகக் குளியலறைக்கோ சர்வீஸ் யார்டுக்கோ போக வேண்டும். அது போகாமல் அறைக்குள் சொட்டினால்தான் கோளாறு. உடனே ஏர்கானை அணையுங்கள். கீழே சாக்கெட்டோ நீட்டிப்பு ஒயரோ இருந்தால், நனைவதற்குள் அந்த லைனை டிபி பாக்ஸில் இறக்குங்கள்.

அப்புறம் குழாய் எங்கே போய் முடிகிறது என்று தேடுங்கள். ஏர்கான் அரைமணி நேரம் ஓடியிருந்தால் அந்த முனையில் தண்ணீர் சொட்டியிருக்க வேண்டும். முனை காய்ந்து கிடந்து அறையில் மட்டும் ஒழுகினால் குழாய் அடைத்திருக்கிறது. அடைப்பது பெரும்பாலும் தூசு மட்டுமல்ல, அதில் வளரும் ஒரு வழுவழுப்பான கசடு. கலங்கிய ஜெல்லி மாதிரி இருக்கும், இழுத்தால் நீளமாகவே வரும். ஈரத்தையும் உறிஞ்சும் வேக்குவம் வீட்டில் இருந்தால், அதன் வாயைக் குழாய் முனையில் வைத்து, சுற்றிலும் ஈரத்துணியை இறுக்கிப் பிடித்து, ஓரிரு நிமிடம் இழுங்கள். கடகட என்ற சத்தத்தோடு அந்த ஜெல்லி வந்து விழும். பிறகு ஏர்கானை மறுபடி ஓட்டிப் பாருங்கள், சொட்டுவது நின்றிருக்கும். சாதாரண வேக்குவத்தில் இதைச் செய்யாதீர்கள், தண்ணீர் மோட்டாருக்குள் போய்விடும். முனையிலிருந்து ஊதவும் கூடாது, அழுக்கு மேலே ஏறி தட்டு நிரம்பி அறைக்குள் கொட்டும். பிளீச், ஆசிட் எதையும் காயிலில் ஊற்ற வேண்டாம், அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும்.

தண்ணீரோடு ஐஸும் தெரிந்தால் விஷயம் வேறு. கூல் மோடிலிருந்து ஃபேன் மோடுக்கு மாற்றி, ஐஸ் முழுக்கக் கரையும்வரை ஓட விடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். ஃபில்டரைக் கழுவிக் காயவைத்துப் போட்டு மறுபடி கூலில் ஓட்டுங்கள். மீண்டும் ஐஸ் கட்டினால் எந்தப் பகுதியில் என்று கவனியுங்கள். காயில் முழுக்க ஒரே சீராக வெள்ளை படர்ந்தால் காற்று போதவில்லை, ஃபில்டரோ உள்ளே சுழலும் புளோயரோ அழுக்கு. ஒரு ஓரத்தில் மட்டும் வெள்ளையாகி மற்ற பகுதி காய்ந்து கிடந்தால் கேஸ் (குழாய்க்குள் சுற்றிக் குளிரூட்டும் வாயு) குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள், வருகிறவருக்கு அது பெரிய உதவி.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். நம் வீட்டு ஃபில்டருக்கு இரண்டு கூடுதல் சுமை: தாளிக்கிற எண்ணெய்ப் புகை, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. இரண்டும் சேர்ந்து ஃபில்டரிலும் புளோயரிலும் பிசின் போல ஒட்டும். சாதாரணத் தூசுபோல உதறினால் போகாது. சமையல் முடிந்து, சாம்பிராணி அடங்கி, ஜன்னல் வழியாகப் புகை போன பிறகு ஏர்கானைப் போடுங்கள். ஹால் ஏர்கான் சமையலறைக்கு எதிரே இருந்தால் இதைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள். இந்தோனீசியப் புகைமூட்டம் வரும் மாதங்களில் ஃபில்டரை வாரம் ஒருமுறை பாருங்கள்.

குளிரவில்லை என்றால்

ரிமோட்டில் மோட் கூலில் இருக்கிறதா? தெரியாமல் டிரையிலோ ஃபேனிலோ மாறியிருப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கும் காரணம். ரிமோட்டே வேலை செய்கிறதா என்று சந்தேகமா? கைப்பேசியின் செல்ஃபி கேமரா முன்னால் அதன் முனையைக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். வேலை செய்தால் திரையில் சின்ன ஒளி மின்னும். அணைத்து உடனே போட்டால் கம்ப்ரசர் கிளம்ப மூன்று நிமிடம் வரை எடுக்கும், அதுவரை பொறுங்கள்.

அடுத்து, ஓர் அறை மட்டும் குளிரவில்லையா, எல்லா அறையுமா? ஒரே கண்டென்சரில், அதாவது வீட்டுக்கு வெளியே இருக்கும் யூனிட்டில், இரண்டு மூன்று அறைகள் ஓடும் வீடுகளில் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். எல்லா அறையும் என்றால் கண்டென்சரிலோ கேஸிலோ கோளாறு. ஓர் அறை மட்டும் என்றால் பெரும்பாலும் அந்த அறையின் யூனிட்டைத்தான் பார்க்க வேண்டும். கண்டென்சரின் விசிறி சுற்றுகிறதா என்று ஜன்னலுக்கு உள்ளே நின்றபடியே பாருங்கள். சுற்றவில்லை என்றால் டிபி பாக்ஸில் அதன் எம்சிபியையும், உள்ளே கைக்கு எட்டும் இடத்தில் ஐசொலேட்டர் (அதற்கான தனிச் சுவிட்ச்) இருந்தால் அதையும் பாருங்கள். எட்டிப் பார்ப்பது, லெட்ஜில் கால் வைப்பது, கம்பால் குத்துவது எதுவும் வேண்டாம். அந்த லெட்ஜ் பத்தாவது மாடியில் இருக்கிறது. பயிற்சி பெற்ற எங்களுக்கே அங்கே பாதுகாப்புக் கயிறு வேண்டும்.

ஏர்கான் யூனிட்டின் விளக்கு மின்னினால் உள்ளே ஏதோ கோளாற்றுக் குறியீடு இருக்கிறது. டைக்கின் என்றால் பல மாடல்களில் ரிமோட்டின் கேன்சல் பொத்தானை 5 விநாடி பிடித்தால் 00 மின்னும். பிறகு விட்டு விட்டு அழுத்திக்கொண்டே போக, நீளமாகப் 'பீப்' ஒலிக்கும் இடத்தில் நிற்பதே கோளாற்றுக் குறியீடு. யூ0 என்றால் கேஸ் குறைவு, யூ4 என்றால் உள் யூனிட்டும் வெளி யூனிட்டும் பேசிக்கொள்ளவில்லை. பேனசோனிக்கில் ஹெச்11 அதே பேச்சுத் தடை. ஏர்கானின் எம்சிபியை இறக்கி ஐந்து நிமிடம் கழித்து ஏற்றிப் பாருங்கள். சில நேரம் சரியாகிவிடும். இல்லையென்றால் குறியீட்டை எழுதி வையுங்கள்.

இனி கேஸ். எனக்கு மிகவும் மனக்கஷ்டம் தரும் விஷயம் இதுதான். ஈசூனில் ஓர் அம்மா ஆண்டுதோறும் 'கேஸ் டாப்-அப்' செய்துகொண்டே இருந்தார். பெட்ரோல் மாதிரி அது தீரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஏர்கானில் கேஸ் தீராது. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆயுள் முழுக்கச் சுற்றி வரும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் நிரப்புவது, உங்கள் காசை ஓட்டைப் பாத்திரத்தில் ஊற்றுவது. அந்த வீட்டில் நான் பார்த்தபோது உள் யூனிட்டின் பின்னால், செம்புக் குழாய் சேரும் நட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருந்தது. கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் வெளியேறும் என்பதால் கசியும் இடத்தை அந்தப் பிசுக்கே காட்டிக்கொடுக்கும். அந்த முனையைப் புதிதாக வெட்டி, வாயை விரித்து (ஃபிளேர்) இறுக்கினோம், குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தோம், கண்டென்சர் லேபிளில் உள்ள எடைப்படி கேஸ் ஏற்றினோம். அதற்குப் பிறகு அவர் டாப்-அப் கேட்கவில்லை.

ஆகவே "கேஸ் குறைவு, ஏற்றவா?" என்று கேட்டால் நீங்கள் திருப்பிக் கேளுங்கள்: எங்கே கசிகிறது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? எத்தனை கிராம் ஏற்றப் போகிறீர்கள்? இப்போது வரும் வீட்டு ஏர்கான்களில் ஆர்32 கேஸ்தான் அதிகம், அது தீப்பற்றும் தன்மை கொஞ்சம் உள்ளது. கசிவைப் பார்க்காமல் ஏற்றுவது வீண்செலவு மட்டும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

கெமிக்கல் வாஷ், ஓவர்ஹால் என்று அடுக்குவார்கள். சர்வீஸ் என்றால் ஃபில்டர், மூடி, குழாய்ச் சுத்தம். கெமிக்கல் வாஷ் என்றால் காயிலுக்கு மருந்து அடிப்பது. ஓவர்ஹால் என்றால் யூனிட்டைக் கழற்றிப் பிரித்துக் கழுவுவது. ஃபில்டரை நீங்களே ஒழுங்காகக் கழுவி, இரவில் மட்டும் ஓட்டும் படுக்கையறைக்கு, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை சாதாரண சர்வீஸ் போதும் என்பது என் கருத்து. காற்று வரும் வாயில் டார்ச் அடித்துப் பாருங்கள். புளோயர் இதழ்களில் கறுப்பாகத் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தால் அப்போது கெமிக்கல் வாஷ் கேளுங்கள். புளித்த வாடை வந்தால் அணைப்பதற்கு முன் அரைமணி நேரம் ஃபேனில் ஓட்டி, காயிலைக் காயவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது இவ்வளவையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள்: எம்சிபியா ஆர்சிசிபியா, எந்த லைன், பிளக்குகளை உருவிய பிறகும் விழுகிறதா; ஏர்கான் என்றால் பிராண்டு, எத்தனை அறை, குறியீடு, ஐஸ் படம். மின்வேலைக்கு வருகிறவரின் உரிமத்தை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம், கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாகம் மாற்றினால் கழற்றிய பழையதைக் காட்டச் சொல்லுங்கள். ஏர்கானுக்குக் கீழே இருக்கும் கட்டிலை அவர் வருவதற்கு முன்பே நகர்த்தி, ஏணி நிற்க இடம் விட்டு வையுங்கள்.